உட்படுத்தலா, உள்ளடக்கலா? வளைகுடாப் பாடசாலைகளின் பாடக்குறிப்பை முன்வைத்து

1

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறையில் வைத்துக் கற்பிக்கும் கல்விமுறைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழக்கில் உள்ளன. இலங்கையில் அதை ‘உட்படுத்தல் கல்வி’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘உள்ளடக்கிய கல்வி’ என்கிறார்கள். அகதியாக வாழ்ந்த எவருடைய காதிலும் இவ்விரண்டு சொற்களும் சற்று நெருடவே செய்யும். விசாரணைக்கு உட்படுத்தினார்கள், சோதனைக்கு உட்படுத்தினார்கள் என்றுதான் அந்தச் சொல்லை நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். மற்றச் சொல்லின் வயிற்றுக்குள் ஓர் ‘அடக்கு’ ஒளிந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு இத்தகைய நோக்கம் இருந்திருக்காது. ஆனால் நல்லெண்ணத்தோடு உருவான சொல்லுக்குள் அதிகாரத்தின் பழக்கம் எவ்வாறு குடியேறுகிறது என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த நெருடல் தற்செயலானதாகத் தோன்றாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சில ஆண்டுகள் இடைநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தேன். இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பாடசாலைகள் அவை. இப்போது வாழ்வது ஜேர்மனியில். புகலிடச் சஞ்சிகைகளில் கல்வி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ, பேர்லின் என்றே பேசுகிறோம். வளைகுடா பேசப்படுவதில்லை. அங்கே போனவர்கள் ‘உழைக்கப் போனவர்கள்’, இங்கே வந்தவர்கள் ‘அகதிகள்’ என்ற ஒரு பிரிகோட்டை நாமே வரைந்து வைத்திருக்கிறோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் ஆறு நாடுகளில் ஒன்றுகூடக் கையொப்பமிடவில்லை. ஆகவே 1983க்குப் பின் உயிருக்கஞ்சி அங்கே போய்ச் சேர்ந்தவருக்கும் ‘தொழிலாளி’ என்ற ஒரு வகை மட்டுமே கிடைத்தது. வகைப்படுத்தல் யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி. இக்கேள்வியோடுதான் வளைகுடா வகுப்பறையின் பாடக்குறிப்பை வாசிக்க விரும்புகிறேன்.

2

முதலில் நியாயமாகப் பேசுவோம். அமீரகத்தில் இத்துறையில் நடந்தவற்றை வெறும் விளம்பரம் என ஒதுக்கிவிட முடியாது. 2006ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சமஷ்டிச் சட்டம், விசேட தேவை என்பது அரச பாடசாலையிலோ தனியார் பாடசாலையிலோ ஒரு பிள்ளை சேர்வதற்குத் தடையாகாது என்று எழுதி வைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை அமீரகம் 2010இல் ஏற்றுக்கொண்டது. 2008க்கும் 2013க்கும் இடையில் சபையின் ஆறு நாடுகளுமே அதை ஏற்றன. இலங்கை ஏற்றது 2016இல்தான். டுபாயின் 2014ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமும், தனியார் பாடசாலைகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தீர்மானமும் பின்தொடர்ந்தன. தனியார் கல்வியை மேற்பார்வை செய்யும் அறிவு மற்றும் மனிதவள மேம்பாட்டு அதிகாரசபை 2017 நவம்பரில் ‘உட்படுத்தல் கல்விக் கொள்கைச் சட்டகம்’ என்ற ஆவணத்தை வெளியிட்டது. 2019இல் அதை நடைமுறைப்படுத்துவதற்கான கைநூலும் வந்தது.

இந்தச் சட்டகத்தில் பத்துத் தரநியமங்கள் உண்டு. பிள்ளையை முன்கூட்டியே இனங்காணுதல், அனுமதியும் பங்கேற்பும், தலைமைத்துவம், உதவி முறைமைகள், வளங்கள், கண்காணிப்பு, பாடசாலைக்குப் பின்னான தொழில்வாழ்வு என்று அது விரிகிறது. எங்கள் வடபகுதியில் கண் தெரியாத, காது கேளாத பிள்ளை என்றால் கைதடி நவீல்ட் பாடசாலையை விட்டால் வேறு இடம் பெற்றோருக்குத் தெரியாதிருந்த காலத்தை நினைவில் வைத்து இந்த ஆவணத்தை வாசித்தபோது எனக்கு மதிப்பே தோன்றியது. அயல் வீட்டுப் பிள்ளைகளோடு அதே பாடசாலைக்கு அந்தப் பிள்ளையும் போகலாம் என்று ஓர் அரசு எழுத்தில் சொல்வது சிறிய விடயமன்று.

ஆனால் ஒரு கொள்கையின் உண்மையான முகம் அதன் முகவுரையில் தெரிவதில்லை. அது கீழே இறங்கி இறங்கி, கடைசியில் ஓர் ஆசிரியை இரவு பத்து மணிக்கு நிரப்பும் படிவத்தில்தான் தெரிகிறது. அந்தப் படிவத்தின் பெயர் பாடக்குறிப்பு.

3

பெயர்களிலிருந்து தொடங்கலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் ‘விசேட தேவையுடையோர்’ என்றது. 2009இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது அது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற பொருள்பட மாறியது. 2017 ஏப்ரலில் அமீரகப் பிரதமரும் டுபாய் ஆட்சியாளருமான ஷேக் மொஹமட் பின் ராஷித் ‘அஸ்ஹாப் அல் ஹிமம்’, அதாவது மனவுறுதி கொண்டோர், என்ற பெயரை அறிவித்தார். பதினொரு ஆண்டுகளில் மூன்று பெயர்கள். நாமும் சளைத்தவர்களல்லர். ஊனமுற்றோர், அங்கவீனர், வலது குறைந்தோர், மாற்றுத்திறனாளி, மாற்றுவலுவுள்ளோர் என்று எத்தனை பெயர்களை மாற்றிவிட்டோம்! பெயர் மாற்றம் தேவையற்றது என்று சொல்ல வரவில்லை. இழிவைச் சுமந்த சொல்லைக் கைவிடுவதும் ஓர் அரசியல்தான். ஆயினும் ‘மனவுறுதி கொண்டோர்’ என்ற பெயரில் ஒரு பொறி இருக்கிறது. தடையைத் தாண்டும் பொறுப்பை அது பிள்ளையின் மனத்தின் மேல் ஏற்றுகிறது. உறுதி பிள்ளைக்கு இருக்கட்டும். தடையை வைத்தவர் யார்?

அறிவித்தலும் அடையாள அட்டையும் பெயரோடு நிற்பதில்லை. அவை வகுப்பறைக்குள் ஒரு பட்டியலாக வந்து சேர்கின்றன. ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இத்தனை பேர் இந்தப் பட்டியலில், இவருக்கு டிஸ்லெக்சியா, இவருக்கு ஓட்டிசம், இவருக்குக் கவனக்குறைவு. பாடக்குறிப்புப் படிவத்தில் ஒரு கட்டம் இவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் பாடம் முழுவதையும் முன்புபோலவே எழுதிவிட்டு, இறுதியில் அந்தக் கட்டத்துக்கு வந்து, ‘முன்வரிசையில் இருத்துதல், மேலதிக நேரம், இலகுவான பயிற்சித்தாள்’ என்று நிரப்புவார். அடுத்த நாள் வேறொரு பாடம், அதே வரி. நான் பார்த்த பாடக்குறிப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டம் ஆண்டு முழுவதும் மாறாமலே இருந்தது.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. ஆனால் படிவம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். ‘இந்தப் பிள்ளைக்கு என்ன குறை? அதற்கு என்ன செய்தீர்?’ என்றே அது கேட்கிறது. ‘உமது பாடத்தில் எந்த இடத்தில் எந்தப் பிள்ளை தடுக்கி விழும்?’ என்று அது கேட்பதில்லை. முதற் கேள்வி பிள்ளையை விசாரணைக்கு உட்படுத்துகிறது. இரண்டாவது கேள்வி பாடத்தை விசாரணைக்கு உட்படுத்துகிறது. இந்த வேறுபாடுதான் இக்கட்டுரையின் முழு வாதமும்.

கட்டிடக்கலையில் இதை டுபாய் நன்றாகவே விளங்கிக்கொண்டிருக்கிறது. 2009இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கிகளும், பார்வையற்றோருக்கான புடைப்புத் தரைவழிகளும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர் தம்மைப் பதிவு செய்து மருத்துவச் சான்றிதழ் காட்டிய பிறகே மின்தூக்கியில் ஏறலாம் என்று எவரும் சொல்வதில்லை. குழந்தை வண்டி தள்ளும் தாயும், பெட்டி இழுக்கும் பயணியும், முழங்கால் நோகும் முதியவரும் அதில்தான் ஏறுகிறார்கள். அமெரிக்கக் கட்டிடக் கலைஞரும் தாமே சக்கர நாற்காலி பாவித்தவருமான ரொனால்ட் மேஸ் ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்று இதைத்தான் சொன்னார். 1984இல் அங்கு தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு இக்கருத்தைக் கல்விக்குள் கொண்டு வந்தது. ஆனால் வகுப்பறையில் நாம் இன்னமும் படிக்கட்டையே கட்டுகிறோம். கட்டி முடித்த பின், படியேற முடியாத பிள்ளையைத் தூக்கிச் செல்ல ஒருவரை நியமிக்கிறோம்.

4

அப்படித் தூக்கிச் செல்பவரை அங்கே ‘ஷடோ ரீச்சர்’ என்பார்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து குறிப்பெடுக்க, விளக்க, அமைதிப்படுத்த உதவுபவர். தேவையான இடத்தில் இது பெறுமதியான உதவி. கேள்வி, செலவு யாருடையது என்பது. பாடசாலை வழமையாக வழங்கும் சேவைக்கு மேலதிகமான தனியாள் உதவி தேவைப்படின் பெற்றோரும் பாடசாலையும் தனி ஒப்பந்தம் செய்து, பெற்றோர் கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டுக்கு டுபாயின் வழிகாட்டல்கள் இடமளிக்கின்றன. எங்கள் வகுப்புகளில் நான் கண்ட பெற்றோருக்கு அது இரண்டாவது வாடகை போன்றது.

வகுப்பறையின் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் விதிமாற்றத்துக்குப் பின் அமீரகத்தில் குடும்பத்தை அழைத்து வைத்திருக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் வருமானம் காட்ட வேண்டும் என்றாயிற்று. தொழிலாளர் முகாமில் இருக்கும் திருநெல்வேலிக்காரருடைய பிள்ளையோ மட்டக்களப்புக்காரருடைய பிள்ளையோ இந்த வகுப்பறையின் பட்டியலில் எப்போதும் வரப்போவதில்லை. அந்தப் பிள்ளை ஊரில் இருக்கிறது. ‘எவரையும் விலக்காத வகுப்பறை’ என்று நாம் சொல்லும்போது, விலக்கப்பட வேண்டியவர்கள் விமான நிலையத்திலேயே விலக்கப்பட்டுவிட்டார்கள். குவைத்தின் 2010ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தன் பயனாளிகளை முதன்மையாகக் குவைத் குடிமக்களாகவே வரையறுப்பதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மறுபுறம், மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கு வயது வரம்பின்றிப் பெற்றோரின் அனுசரணையில் வதிவிட விசா வழங்கும் ஏற்பாட்டை அமீரகம் 2022இல் உறுதி செய்தது. அதையும் மறைக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். அங்கே உட்படுத்தல் என்பது ஓர் உரிமையாகப் பேசப்பட்டாலும், வருமானத்தின் வழியாகவே பிள்ளையை வந்தடைகிறது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வியைப் பெற்ற ஒரு நாட்டிலிருந்து போன எங்களுக்கு இது உடனே உறைக்க வேண்டும்.

ஆசிரியரின் நிலைமையும் பாடக்குறிப்பை எழுதுகிறது. என்னோடு கற்பித்தவர்களில் பெரும்பாலோர் கணவரின் விசாவில் இருந்த பெண்கள். கணவரின் வேலை போனால் அவர்களுடைய வேலையும் ஆட்டம் காணும். பரிசோதனைக் காலம் வரும்போது பாடக்குறிப்பு பிள்ளைக்காக எழுதப்படுவதில்லை, வித்தியாதரிசிக்காக எழுதப்படும். யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. டுபாயில் 2008 முதல் தனியார் பாடசாலைகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டுத் தரநிலை வழங்கப்பட்டு வந்தன. 2024-25 கல்வியாண்டில் முழுப் பரிசோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்தத் தரநிலையோடு கட்டண உயர்வும் பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே படிவத்தின் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பாடசாலை தாங்காது. கட்டம் நிரம்பிய பின் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்க ஆள் குறைவு.

5

இடைநிலை வகுப்புகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஆரம்ப வகுப்பில் பரிவு மலிவு. படம் கீறலாம், பாட்டுப் பாடலாம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சை வகுப்பறையின் சுவரில் நிழலாக விழத் தொடங்கும். ‘நூறு வீதச் சித்தி’ என்ற பதாகை பாடசாலையின் வாசலில் தொங்க வேண்டும். அப்போது சில பெற்றோர் அலுவலகத்துக்கு அழைக்கப்படுவார்கள். ‘உங்கள் பிள்ளைக்கு இந்தச் சுமை வேண்டாமே, திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாமே’ என்று கனிவாகச் சொல்லப்படும். இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நல்ல நிறுவனம். அது பலருக்கு உண்மையான வழியைத் திறந்திருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி வாசற்கதவைக் காட்டுவது வேறு விடயம். நான் கற்பித்த இடங்களில் இதை நான் கண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புவரை உட்படுத்தப்பட்ட பிள்ளை ஒன்பதில் அப்புறப்படுத்தப்படுகிறது. எந்த ஆவணத்திலும் இது விலக்கல் என்று பதிவாகாது. பெற்றோரின் விருப்பம் என்றே பதிவாகும்.

மொழி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். அமீரகத் தனியார் பாடசாலைகளில் அரபு அல்லாத பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் வகுப்புவரை அரபு கட்டாயம். இரண்டாம் மொழியாக நான் கற்பித்த இடங்களில் ஹிந்தியோ மலையாளமோ இருந்தது, தமிழ் இருக்கவில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பகல் முழுவதும் தன்னுடையதல்லாத மூன்று மொழிகளுக்குள் நடமாடுகிறது. அது மெதுவாக வாசித்தால் அது வாசிப்பு இடர்பாடா, மொழி இடர்பாடா? இந்தக் கேள்விக்கு விடை காணாமலே ஒட்டப்படும் அடையாளங்கள் உண்டு.

இது வளைகுடாவின் தனி நோயன்று. கிரனடாவில் பிறந்து லண்டனில் கற்பித்த பேர்னாட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கரீபியப் பிள்ளைகள் பேசும் மொழியையும் பண்பாட்டையும் அறியாத பரீட்சைகள் எவ்வாறு அவர்களை ‘கல்வியில் குறைவளர்ச்சியுடையோர்’ ஆக்கி விசேட பாடசாலைகளுக்கு அனுப்பின என்பதை அது காட்டியது. (பின்னாளில் கிரனடாப் புரட்சியில் அவருடைய பங்கு வேறு கதை.) 1974இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில், ஆங்கிலம் விளங்காத பிள்ளைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சமத்துவம் என்று சொல்ல முடியாது என்றது. ஜேர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பாடசாலை வகை வகையாகப் பிரிப்பதை நாம் அனுபவித்து வருகிறோம். அடையாளத்தின் பெயர் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அது யார்மேல் ஒட்டப்படுகிறது என்பதில் பெரிய மாற்றமில்லை.

6

‘அப்படியானால் ஆசிரியர் என்ன செய்வது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத விமர்சனம் சோம்பேறித்தனம். எனவே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணிதம், இரு மாறிகளில் ஏகபரிமாணச் சமன்பாடு. வளைகுடாவில் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் பணம் அனுப்பும் கடை. எண்கள் கணக்குக்காக நானிட்டவை. ஒரு கடை திர்ஹமுக்கு 82 ரூபா தருகிறது, ஆனால் 20 திர்ஹம் கட்டணம் எடுக்கிறது. மற்றக் கடை 80.50 ரூபா தருகிறது, கட்டணம் இல்லை. எங்கே அனுப்புவது இலாபம்?

வழமையான பாடக்குறிப்பு இதை ஆறு வரி ஆங்கில வசனக் கணக்காகக் கரும்பலகையில் எழுதும். பின்னர் மூன்று வகைப் பயிற்சித்தாள் கொடுக்கும். எல்லோரும் செய்தாக வேண்டியது, பெரும்பாலானோர் செய்யக்கூடியது, சிலர் மட்டும் செய்யத்தக்கது என்ற பிரித்தானிய வாய்ப்பாடு இது. தாள்கள் வேறு வேறு நிறங்களில் இருக்கும். எந்த நிறம் ‘மொக்கு’களுக்குரியது என்பது பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இளஞ்சிவப்புத் தாள் பெற்ற பிள்ளை சமன்பாட்டை ஒருபோதும் சந்திக்காது. அதற்குக் கூட்டலும் பெருக்கலுமே விதி.

இப்போது பாடத்தை விசாரணைக்கு உட்படுத்துவோம். தடைகள் எங்கே? முதலாவது, ஆறு வரி வசனம். கணிதம் தெரிந்தும் வசனத்தில் விழும் பிள்ளைகள் பலர். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும், நேற்று ஊரிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே இடத்தில் விழுவார்கள். ஆகவே வசனத்தை நீக்கிவிட்டு இரண்டு பற்றுச்சீட்டுகளைப் போல அட்டவணையாகக் காட்டி, வாயாலும் சொல்ல வேண்டும். ‘கட்டணம்’, ‘நாணயமாற்று வீதம்’ என்ற இரண்டு சொற்களையும் பலகையின் ஓரத்தில் எழுதி, அவற்றை வீட்டு மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைக்க வேண்டும். இரண்டாவது தடை, பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுதல். அதை எடுத்துவிட்டால் கையெழுத்துச் சிரமமுள்ள பிள்ளைக்குப் பத்து நிமிடம் மிச்சம். மூன்றாவது, பலகையைப் பார்த்தபடி பேசும் ஆசிரியரின் பழக்கம். உதட்டைப் பார்த்து விளங்கும் பிள்ளைக்கு முதுகு ஒன்றும் சொல்லாது. எழுதும்போது பேசாமலும், பேசும்போது வகுப்பைப் பார்த்தும் நின்றால் போதும். பார்வை குறைந்த பிள்ளைக்காக எழுதியதை உரக்கச் சொல்ல வேண்டும். இவற்றில் எதற்கும் மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. எதனாலும் ‘கெட்டிக்காரப்’ பிள்ளைக்கு நட்டமுமில்லை.

அடுத்து, கேள்வியின் வாசல். முதலில் கணக்கு வேண்டாம், ஊகம் போதும். எந்தக் கடை? ஏன்? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஊகம் இருக்கும். பின்னர் 1,000 திர்ஹமுக்கு இரண்டையும் கணித்துப் பார்த்தால், கட்டணமுள்ள கடையில் 980ஐ 82ஆல் பெருக்க 80,360 ரூபா. கட்டணமில்லாத கடையில் 80,500. அடுத்து 2,000 திர்ஹம். இப்போது முதற் கடையில் 1,62,360, மற்றதில் 1,61,000. விடை தலைகீழாகிறது! இந்த இடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும். எங்கேயோ ஒரு புள்ளியில் இரண்டும் சமமாக வேண்டும். அதைத் தேட ஒருவர் அட்டவணையை நீட்டலாம், ஒருவர் வரைபில் இரண்டு கோடுகளை வெட்டவிடலாம், ஒருவர் சமன்பாடு எழுதலாம். மூவரும் ஏறக்குறைய 1,093 திர்ஹமில் வந்து சந்திப்பார்கள். பாதை மூன்று, கேள்வி ஒன்று. எவருக்கும் தாழ்ந்த நிறத்தில் தாள் இல்லை. விடையை எழுதியும் சொல்லலாம், வாயாலும் சொல்லலாம், வரைபைக் காட்டியும் சொல்லலாம்.

கடைசிக் கேள்வி கணிதத்தைத் தாண்டும். குறைவாக அனுப்புபவரைக் கட்டணம் ஏன் கூடுதலாகத் தாக்குகிறது? சாரதியின் மகனும் கடை முதலாளியின் மகளும் இருக்கும் வகுப்பில் இக்கேள்வியைக் கவனமாகக் கேட்க வேண்டும். ‘உன் அப்பா எவ்வளவு அனுப்புவார்?’ என்று எவரிடமும் கேட்கக் கூடாது. வேலையிழந்த தகப்பனின் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கும். வறுமையும் ஒரு விசேட தேவைதான். அதற்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்க வேண்டிய பாடவிதானம். இதெல்லாம் சாத்தியமா?’ நியாயமான கேள்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாடம் தயாரிப்பது சாத்தியமில்லைதான். மூன்று நிறத் தாள் தயாரிப்பதற்குச் செலவாகும் நேரத்தை ஒரு நல்ல கேள்வியைத் தேடுவதில் செலவழிப்பது சாத்தியம். எல்லாத் தேவைகளையும் இது தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சைகைமொழி வேண்டிய பிள்ளைக்குச் சைகைமொழி தெரிந்தவர் வேண்டும். பிரெய்ல் வேண்டிய பிள்ளைக்குப் பிரெய்ல் வேண்டும். அந்தச் செலவைப் பெற்றோரின் பையிலிருந்து எடுக்காமல் பாடசாலையின் இலாபத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது. பாடக்குறிப்பு செய்யக்கூடியதைப் பாடக்குறிப்பு செய்யட்டும். செய்ய முடியாததை அதன் தலையில் கட்டிவிட்டுக் கொள்கை தப்பிவிடக்கூடாது.

7

இதையெல்லாம் டுபாயைச் சுட்டும் விரலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வகுப்பறையில் பிரித்து இருத்துதல் எங்களுக்கு வெளியிலிருந்து வந்த கலையன்று. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற கோரிக்கை எழுந்து அரசும் அதை வலியுறுத்தியபோது, பிள்ளைகளை வாங்கில் ஒன்றாக இருத்துவதைவிடப் பாடசாலையை எரிப்பது மேல் என்று நினைத்தவர்கள் எங்களிடையே இருந்தார்கள். பாடசாலைகள் எரிந்தன. 1970களின் தரப்படுத்தல் சமவாய்ப்பு என்ற பெயரில் வந்தபோது அதன் அநீதியை நாம் உடனே விளங்கிக்கொண்டோம். தரையில் இருத்தப்பட்ட பிள்ளையின் அநீதியை விளங்கிக்கொள்ள எங்களுக்கு அதிக காலம் பிடித்தது. சிலருக்கு இன்னும் பிடிக்கிறது.

புகலிடத்தில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துகிறோம். அங்கே பேச்சுப் போட்டி, குறள் மனனப் போட்டி, எழுத்துப் பரீட்சை. 247 எழுத்துக்களோடு மல்லுக்கட்டும் பிள்ளை இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறது. ‘அவனுக்குத் தமிழில் விருப்பமில்லை’ என்று தாய் சொல்கிறார். பெற்றோரின் விருப்பம், பிள்ளையின் விருப்பம். வளைகுடாவில் அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லப்பட்ட அதே வசனம். இங்கே அழைத்துச் சொல்லக்கூட ஆளில்லை. ஓட்டிசமுள்ள பிள்ளையை அழைத்துவர வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்களை எங்களில் எல்லோருக்கும் தெரியும்.

என் முன்மொழிவு சிறியது. வளைகுடாவில் கற்பிக்கும் தமிழாசிரியர்களும் இங்கே வார இறுதிகளில் கற்பிப்பவர்களும் தங்கள் பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தை முதற் கட்டமாக்கட்டும். பிள்ளையின் பெயரையும் நோயின் பெயரையும் அதிலிருந்து எடுத்துவிடட்டும். அங்கே ஒரே ஒரு கேள்வி போதும்: ‘இன்றைய பாடம் யாரை, எந்த இடத்தில் வெளியே விடும்?’ அதற்கு எழுதும் விடையைப் பரிசோதகருக்குக் காட்ட வேண்டியதில்லை. அடுத்த நாள் வகுப்பு அதைப் பரிசோதித்துவிடும். அத்தகைய பாடக்குறிப்புகளை இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். கவிதைகளோடும் அரசியற் கட்டுரைகளோடும் ஒரு கணித பாடமும் இங்கே விவாதிக்கப்படட்டும்.